விலைக்கு வந்த மொரிஸ் மைனர்

ஹட்டன் நகரிலிருந்து டிக்கோயாவை நோக்கிச் செல்லும் வீதியில், மழை சற்றே ஓய்ந்த ஓர் ஆவணி மாலைப்பொழுதிலே, எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற மாணவன் ஒருவன் எதிர்ப்பட்டான். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வணக்கம் கூறியவன், சுகசெய்தி விசாரித்து முடிந்த பின்பும் போகாமல் நின்றான். ஏதோ கேட்க வந்து கேட்கத் தயங்குகிறான் என்பது, ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்கு விளங்காமற் போகுமா?

"சேர், எங்க தாத்தாவோட கார வித்துப்புடலாமுன்னு இருக்கோமுங்க. தங்கச்சிக்குப் பேராதனை கம்பசுக்குக் கெடச்சிருக்கு. என்னா விலைக்குக் கேக்கலாமுங்க?" என்றான்.

எமக்குக் கார் ஓட்டத் தெரியாது. எமக்கென்று சொந்தமாக இருந்த ஒரே வாகனம் ஒரு சைக்கிள். அதுவும் நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போன காலத்தில் ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் கைமாறிவிட்டது. சரித்திரம் படிப்பிக்கும் எம்மிடம் வந்து கார் விலை கேட்பானேன் என்று வினவினோம். "பழைய சாமானப் பத்தி சேருக்குத் தெரியாததா?" என்று அவன் சொன்னதில் பாராட்டு எவ்வளவு, பரிகாசம் எவ்வளவு என்பதை நாம் ஆராயவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.

வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை. அதன் ஒரு பக்கச் சாய்ப்பில் விறகு அடுக்கியிருந்தது. விறகுக்குப் பின்னால், பழைய தேயிலைச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு அந்த வண்டி நின்றது. பையன் சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்தான். முதலில் வளைந்த கூரை; பிறகு நடுவே கம்பி வைத்து இரண்டாகப் பிரித்த முன் கண்ணாடி, அதில் ஒரு பாதியில் வெடிப்பு; பிறகு மூக்கு. முன்புறத்து விளக்குகள் இரண்டும் சக்கர மூடிகளின் மேல் இல்லாமல், கீழே, குளிரூட்டிச் சட்டத்தின் இரு ஓரங்களிலும் தாழ்ந்து பதிந்திருந்தன. அந்த இரண்டு விளக்குகளுக்காகவே உலகத்தின் பல மூலைகளில் மனிதர்கள் பைத்தியமாய் அலைகிறார்கள் என்பதை நாம் பின்னரே அறிந்தோம்.

மைனர் என்றதும், கதைகளிலே சரிகை அங்கவஸ்திரமும் அத்தர் வாசனையுமாகத் திரிகின்ற அந்த மைனரை வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். இது மொரிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லண்டன் ஏள்ஸ் கோட் மண்டபத்து மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்த சிறு கார். இதை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். சிமிர்னா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், கிரேக்கக் குடும்பத்திற் பிறந்து இங்கிலாந்து வந்தவர். பிற்காலத்தில் மினி காரையும் ஆக்கியவர் அவரே. மைனரின் மாதிரி வண்டி ஆயத்தமான பின்பு, அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றிற்றாம். உடனே வண்டியை நெடுக்கே இரண்டாக அறுக்கச் செய்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். ஆனால் பழைய அகலத்துக்கு அளவெடுத்த முட்டுச்சட்டங்கள் முன்னரே செய்யப்பட்டுவிட்டன. ஆகவே அவற்றையும் நடுவில் அறுத்து 4 அங்குலத் துண்டு வைத்து ஒட்டினார்கள். தொடக்க கால மைனர்களின் முட்டுச்சட்டத்தின் நடுவில் அந்த ஒட்டு இன்றைக்கும் தெரியும். சட்டை சிறுத்துவிட்டதென்று பக்கத்திலே துணி வைத்துத் தைக்கிற எங்கள் ஊர்த் தையற்காரரின் காரியந்தான்!

கம்பனியின் உரிமையாளரான நஃபீல்டு பிரபு, சைக்கிள் திருத்தும் தொழிலில் ஆரம்பித்து வில்லியம் மொரிஸ் என்ற தம் பெயரையே கார்களுக்கு வைத்தவர், இவ்வண்டியைப் பார்த்துவிட்டுக் கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை என்று இகழ்ந்தார். அந்த முட்டைதான் பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சத்தை எட்டியது. அது 1960ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது. 1971 வரையில் அதன் உற்பத்தி நீடித்தது. இந்தியாவில் 2014 வரை செய்யப்பட்டு வந்த அம்பாசடர், இதே கம்பனியின் மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது. ஆகவே நமக்கு இவ்வண்டி பெரியப்பன் பிள்ளை முறை என்று சொன்னாலும் பிழையில்லை.

இலட்சக்கணக்கில் உண்டாக்கிய வண்டி அரிதாவது எவ்வாறு? விளக்கின் உயரத்தைப் பற்றி அமெரிக்காவில் இருந்த சட்டத்தின் பொருட்டு, விளக்குகளை மேலே தூக்கிச் சக்கர மூடிகளில் வைக்க வேண்டியதாயிற்று. 1951ஆம் ஆண்டு தொடங்கும்போது எல்லா மைனர்களுக்கும் அம்முகமே வாய்த்தது. ஆகவே தாழ்ந்த விளக்கு முகம் முதல் இரண்டொரு வருடத்து வண்டிகளுக்கு மட்டுமே உரியது. எமது மாணவன் வீட்டுக் கொட்டகையில் நின்றது 1949ஆம் ஆண்டுக்குரியது. இலக்கத்தகட்டிலே இங்கிலீசு எழுத்துக்கள். 1957இல் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய காலத்துத் தகடு அது.

இனி அந்த வண்டி அங்கே வந்த வரலாறு. அவ்வண்டியைப் புதிதாக வாங்கியவர் அப்பகுதித் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை. அதை ஓட்டியவர் பையனின் தாத்தா. அவர் துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் நீரிறைக்கும் சிறுவனாகப் புகுந்து, கார் கழுவி, பின்னர் ஓட்டக் கற்றவர். லயத்துப் பிள்ளை ஒருவன் கார்ச் சாரதியாவது அந்நாளில் எளிதான காரியமன்று. துரையின் கார் வருகிறதென்றால் வீதியில் நடந்து போகிற தொழிலாளி குடையை மடக்கி ஓரமாய் ஒதுங்கி நிற்க வேண்டிய காலம் அது. அந்த வீதியைக் கல்லுடைத்துப் போட்டவர்களும் அவர்களே. இன்று பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் துரைமாரின் சுருட்டு, தொப்பி, கிளப் விருந்து இவற்றையெல்லாம் ஆசையோடு எழுதுகிறார்கள். கதவைத் திறந்து நின்றவனை எழுதுவதில்லை. இது எமக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

மலைநாட்டில் இந்த வண்டியை ஓட்டுவது ஒரு வித்தை. 918 கன சென்ரிமீற்றர் அளவுள்ள அதன் முதல் என்ஜினுக்குத் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பு கிடையாது. சூடேறிய நீர் தானே மேலெழும், குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும் என்ற நியதியை நம்பியே அதை அமைத்திருந்தார்கள். ஒக்ஸ்ஃபோர்டுச் சமவெளிக்கு அது போதும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரைக்கும், தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரைக்கும் ஏறுகிற ஏற்றத்துக்கு அது போதுமா? பாதி வழியில் கொதித்து ஆவி கிளம்பும். ஆகவே சாரதி எந்நேரமும் ஒரு வாளியை வைத்திருப்பார். எந்த வளைவில் ஊற்று உண்டு என்பது அவருக்கு மனப்பாடம். முதலாம் கியரில் இசைவுப் பற்சக்கரம் இல்லாமையால், ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டாற் பல்லைக் கடிக்கும் ஓசை எழும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாம் கியரில் வேகம் பிடித்து ஏற வேண்டும். நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டில் ஆரம்பித்த மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்போட்டியைக் காணச் சித்திரை மாதத்திற் சனம் திரள்வதுண்டு. நாள்தோறும் பேர் புகழின்றி மலையேறிய சாரதிகளுக்கு ஒரு கிண்ணமும் கிடைத்ததில்லை.

1966இல் துரை சீமைக்குப் புறப்பட்டபோது, காரைச் சாரதிக்கே தவணைப் பணத்துக்குக் கொடுத்தார். நல்ல மனசு என்று பையனின் அப்பாயி இன்றும் சொல்லுகிறார்; வாங்குவதற்கு வேறு எவரும் முன்வராததாலும் இருக்கலாம் என்பது எமது எண்ணம். உரிமை மாற்றப் பத்திரத்திற் கையொப்பமும் இட்டுக் கொடுத்தார், ஆனால் திகதி போடவில்லை. அன்று முதல் அக்கார் ஹட்டன் நகரத்து வாடகைக் கார் ஆயிற்று. பிரசவ வலி கண்ட பெண்களை டிக்கோயா வைத்தியசாலைக்கும், மணமக்களைக் கோயிலுக்கும், மாதச் சம்பள நாளிற் சாமான் மூட்டைகளை மஸ்கெலியாவுக்கும் ஏற்றிச் சென்றது. ஆயுத பூசையன்று சந்தனப் பொட்டிட்டு, முன்புறம் இரண்டு வாழைக்கன்று கட்டி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நகர்த்துவார்களாம். அந்த வாழைநாரின் துண்டொன்று குளிரூட்டிச் சட்டத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பதிவு மட்டும் மாறவேயில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இலட்சக்கணக்கானோருள் தாத்தாவும் ஒருவர். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்கும், எஞ்சியோரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு எழுதினார்கள். தாம் அதில் எந்தக் கணக்கில் விழுவோம் என்று தெரியாதவர், அரசாங்க அலுவலகத்துப் படியேறவே அஞ்சினார். "ஆளுக்கே பதிவு இல்ல, காருக்கு எதுக்குடி பதிவுன்னுட்டாருங்க" என்று அப்பாயி எம்மிடம் கூறியபோது, நாம் சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. அதற்குள் துரை எங்கே இருக்கிறார், உயிரோடு உள்ளாரா என்பதே தெரியாது.

இடையில் 1983 ஆடி வந்தது. நுவரெலியாக் கடைவீதி எரிகிறது என்று செய்தி கிடைத்த இரவில், தாத்தா காரைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகையில் விட்டு, முன்னால் விறகை அடுக்கி மறைத்தார். என்ஜினை முடுக்கினாற் சத்தம் கேட்கும் என்று, அவரும் மனைவியுமாகக் கையாலேயே தள்ளினார்கள். அதன் பிறகு வண்டி வாடகைக்கு ஓடவில்லை. எப்போதாவது வெளியே வரும். 2009இல் தாத்தா காலமானார். வண்டி கொட்டகையிலேயே நின்றுவிட்டது.

இப்போது விற்பனைக் கதைக்கு வருவோம். முதலில் வந்தவர் பழைய இரும்பு வாங்குகிறவர். காரைச் சுற்றிக்கூடப் பாராமல், நிறுவைக்குத்தான் எடுப்பேன் என்றார். இரண்டாவதாக வந்தவர் தலைநகரத்துத் தரகர். அவர் கொட்டகைக்குள் நுழைந்து, விளக்குகளைப் பார்த்து, முகத்திலே எந்தக் குறியும் காட்டாமல், "இது ஓடாதே" என்றார். பிறகு, முன்சட்டத்தையும் விளக்குகளையும் இலக்கத்தகட்டையும் மட்டும் கழற்றித் தந்தால் நல்ல காசு தருவதாகக் கூறினார். மற்றதெல்லாம் உங்களுக்கே என்று தாராளமாகச் சொன்னார். கொம்பையும் தோலையும் எனக்குத் தா, மாடு உனக்கே இருக்கட்டும் என்பது போன்ற தாராளம் அது.

பையன் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டான். விடுதிக்கு முற்பணம் கட்டும் நாள் நெருங்கியிருந்தது. நாம் பத்து நாள் பொறுக்கச் சொன்னோம். எந்த உரிமையில் அப்படிச் சொன்னோம் என்று இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. பொறுத்திருந்து விலை ஏறாமற் போயிருந்தால் அந்தப் பெண்ணின் விடுதிப் பணத்துக்கு யார் பொறுப்பு?

அந்தப் பத்து நாளில் நாம் விசாரித்தும் படித்தும் அறிந்தவை பல. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த இங்கிலீசுக் கார்களைத் திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டும் கைத்திறன் இந்நாட்டில் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தார் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பழைய ஒஸ்டின் ஏ-40 கார்களையும் மொரிஸ் மைனர்களையும் சில துளி பெற்றோலில் முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டியது எல்லோரும் அறிந்தது. அறியாதது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து, மைனருக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இந்நாட்டிலே செய்வித்து அந்நாட்டுக்குக் கொண்டு சென்றார். வெள்ளைக்காரன் காருக்கு எங்கள் நாட்டுத் தகட்டு வேலைக்காரர் எலும்பு செய்து கொடுத்தார்கள்! இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திற் படிப்பிக்கிறோம்?

பழைய வண்டிக்கு வரலாறுதான் பாதி விலை. கொழும்பு காலிமுக ஹோட்டலில் 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு நைன் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கார் என்ற அளவில் அது சாதாரணமானது. ஆனால் 1940இல் கடற்படையில் இளம் அதிகாரியாய் இங்கு இருந்த பிலிப் இளவரசர், பிற்காலத்து எலிசபெத் மகாராணியாரின் கணவர், 12 பவுணுக்கு அதை வாங்கி ஓட்டினார் என்பதால் அதைப் பார்க்க விருந்தினர் வருகிறார்கள். சட்டமும் இவற்றை ஓரளவு மதிக்கிறது: 1945ஆம் ஆண்டின் முடிவுக்கு முன் இங்கே பதிவான மோட்டார் வண்டிகளை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்ய முடியாது. எமது மைனர் அந்த எல்லைக்கு நான்கு ஆண்டு பிந்தியது. போதாக்குறைக்கு, 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்கள் எல்லாவற்றின் விலையும் ஏறிவிட்டது.

நாம் இவ்வாறு ஏடு புரட்டிக்கொண்டிருக்கையில், அங்கே ஒரு தவறு நடந்துவிட்டது. கராஜ் ஒன்றில், ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்துவிட்டால் இரு மடங்கு விலை போகும் என்று பையனுக்கு ஆலோசனை சொல்லி, முற்பணமும் வாங்கி, ஆள் அனுப்பிவிட்டார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது இடப்பக்கத்து முன்சக்கர மூடி தேய்க்கப்பட்டுச் சாம்பல் நிற அடிப்பூச்சு பூசப்பட்டிருந்தது. 1949ஆம் ஆண்டில் தொழிற்சாலையிற் பூசிய கருஞ்சிவப்பு அந்தப் பக்கத்தில் இல்லாதொழிந்தது.

"பொய் சொல்லலீங்க சேர். சும்மா பெயின்ட் தானுங்களே!" என்றான்.

நாம் கோபித்துக்கொண்டோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இவ்வகை வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. மாட்டு வண்டியிற் போலச் சட்டம் வேறு, கூடு வேறு என்றில்லாமல், உடற்தகடே எலும்புமாய் நின்று பாரம் சுமக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் தகடும், அடியிற் குறுக்கே செல்லும் சட்டமும், பின் வில்லைத் தாங்கும் இடமும் துருவேறிவிட்டால் எலும்புருக்கி நோய் வந்தது போலத்தான். அதைப் பட்டி வைத்து மூடி விற்பது, வாங்குகிறவனை அறியாமலே மலைவீதியில் ஆபத்துக்கு அனுப்புவதாகும். இதைச் சொன்னோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "காசு வேணுமே சேர்" என்றான். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. நல்ல வேளையாக அப்பாயி குறுக்கிட்டார். "உங்க தாத்தா பிரேக்கு சரியில்லன்னா அம்பது ரூவா தாரேன்னாலும் ஏத்த மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். வேலை நின்றது. முற்பணம் திரும்பி வரவில்லை.

அதன்பின் நாம் செய்தது சிறிய காரியமே. கழுவாமல், தேய்க்காமல், உள்ளது உள்ளபடியே படம் எடுத்தோம். துரு உள்ள இடங்களைத் தனித்தனியே கிட்ட நின்று எடுத்தோம். முன்மூடியைத் திறந்தால் தெரியும் தகட்டிலிருந்த எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம், ஒத்திருந்தது. என்ஜின் எண் ஒத்திருக்கவில்லை. ஏனெனில் 1977இன் பின் யப்பானியச் சாமான்கள் மலிந்த காலத்தில் தாத்தா ஒரு டட்சன் என்ஜினை உள்ளே வைத்திருந்தார். கொதிக்கும் தொல்லை அதோடு தீர்ந்தது. ஆனால் பழைய என்ஜினை அவர் விற்கவில்லை! கொட்டகையின் மூலையில், தேயிலைப் பெட்டிக்குள், கிறீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். கார்புரேற்றர், முடுக்கும் கைப்பிடி, திருப்பத்தின்போது கதவோரத்திலிருந்து எழும் கைகாட்டியின் உதிரி ஒன்று, எல்லாம் அதனுள் இருந்தன.

அதற்கும் மேலாக ஒரு நோட்டுப்புத்தகம் கிடைத்தது. அதைப் பையன் அடுப்பெரிக்க ஒதுக்கிய காகிதக் கட்டிலிருந்து நாமே எடுத்தோம். 1950 முதல் 1983 வரை, தாத்தாவின் கையெழுத்தில், கோணல்மாணலான தமிழில், வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் எழுதியிருந்தது. "கிறீசு அடிச்சது" என்ற குறிப்பே அதிகம். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் மறையாணிக் கட்டைக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்க வேண்டும். தவறினால் மறை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்திலே சக்கரம் மடிந்து விழும். அவர் ஓராயிரத்தையும் தவறவிட்டதாகத் தெரியவில்லை. நாம் வருடம் தவறாமற் பாடக்குறிப்பு எழுதுகிற ஆள். ஆனாலும் அந்தப் புத்தகத்தின் முன்னாற் சற்றுக் கூச்சப்பட்டோம்.

மூன்றாவதாக வந்தவர் கண்டிப் பகுதிப் பொறியியலாளர், சிங்கள அன்பர். தம்மோடு வயது முதிர்ந்த மெக்கானிக் பாஸ் ஒருவரையும் கூட்டி வந்தார். பாஸ் நிலத்திலே சாக்கை விரித்து, மின்சூளோடு வண்டியின் கீழே புகுந்து, திருகாணி முடுக்கியின் முனையால் ஒவ்வோர் இடமாகக் குத்திப் பார்த்தார். தகடு நல்லதாயின் "டக்" என்றது; துருவாயின் "சரக்" என்று உள்ளே இறங்கிற்று. ஒவ்வொரு "சரக்"குக்கும் வாசலில் நின்ற அப்பாயியின் முகம் சுருங்கியது. சாரதியின் காலடியில் தரையே இல்லை, பலகை போட்டிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேதான் பிரேக்கின் தலைமை உருளை இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நாம் எல்லாவற்றையும் முன்னரே எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்து, நாம் குறிப்பிடத் தவறிய மூன்று ஓட்டைகளைச் சேர்த்து எழுதினார். அடிப்பூச்சுப் பூசிய சக்கர மூடியைக் கண்டு நாக்கைச் சப்புக்கொட்டி, அதற்காக ஒரு தொகையைக் குறைத்தார். அது நியாயமே.

தேயிலைப் பெட்டியைத் திறந்தபோது அவர் பேசவில்லை. நோட்டுப்புத்தகத்தைக் காட்டினோம். தமிழ் வாசிக்கத் தெரியாதவர், நாம் வாசித்து மொழிபெயர்க்க, நாற்பது நிமிடம் விறகின் மேல் உட்கார்ந்து கேட்டார்.

விலை படிந்தது. தொகையைப் பத்திரிகையில் எழுதக் குடும்பத்தார் விரும்பவில்லை. பழைய இரும்புக்காரர் கூறியதைப் போல் ஒன்பது மடங்கு என்று மட்டும் சொல்லலாம். தரகர் விளக்குகளுக்காகச் சொன்னதைவிட அதிகம்; ஆயினும் பையன் கனவு கண்ட தொகை அன்று. பதிவுச் சிக்கலைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினோம். துரையின் திகதியிடாத கையொப்பத்தாளும் அப்பாயியின் சத்தியக் கடதாசியும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சென்றுள்ளன. அங்கிருந்து முடிவு வரவில்லை. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு பணம் அன்றே. எஞ்சிய ஒரு பங்கு பெயர் மாறிய அன்று என்று உடன்படிக்கை எழுதினார்கள். அரைகுறையான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தங்கையின் விடுதிப் பணம் அந்த வாரமே கட்டியாயிற்று.

நோட்டுப்புத்தகத்தையும் அவர் விலைக்குக் கேட்டார். இதில் வீட்டில் சிறு சச்சரவு எழுந்தது. பையன் கொடுத்துவிடலாம் என்றான். தங்கைக்கு மனமில்லை. முடிவில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அவருக்கு அனுப்புவதென்றும், புத்தகம் வீட்டிலே இருப்பதென்றும் தீர்த்தார்கள். அப்பக்கங்களைத் தமிழிலிருந்து இங்கிலீசில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எமது தலையில் விழுந்தது. இன்னும் 1971ஆம் ஆண்டைத் தாண்டவில்லை.

ஐப்பசியில், ஆயுத பூசை முடிந்த வாரத்தில், லொறி வந்தது. கொட்டகையிலிருந்து வீதிவரை காரைத் தள்ள ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டார், பாஸ், பொறியியலாளர், பையன், நாம் எல்லோருமாகத் தள்ளினோம். அப்பாயியும் பின்புறத்திலே ஒரு கையை வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. பலகைகளின் மேல் ஏற்றிக் கயிறு கட்டி, தேயிலைப் பெட்டியையும் அருகில் வைத்து, மழைக்குத் தார்ப்பாய் போட்டார்கள். லொறி கினிகத்தேனைப் பக்கமாக இறங்கிப் போயிற்று.

தை மாதத்தில் ஒருநாள் அந்த அன்பர் தொலைபேசியில் அழைத்தாராம். தரைத்தகடு புதிதாக வைத்தாகிவிட்டது, பழைய என்ஜின் பிரித்துப் போட்டிருக்கிறது, பெற்றோல் பம்பு மட்டும் இப்போதே டிக் டிக்கென்று அடிக்கிறது என்று சொன்னாராம். பையன் வந்து எம்மிடம் இதைச் சொன்னபோது, அப்பாயி கேட்ட கேள்வியையும் சேர்த்துச் சொன்னான்.

"வலதுபக்கத்துக் கைகாட்டி எந்திரிக்குதான்னு கேளுடா. அது எப்பவும் கொஞ்சம் மடக்கும். உள்ள இருந்து ஒரு தட்டுத் தட்டணும்."

அதைச் சிங்களத்திற் சொல்லத் தெரியாமல், அவன் எம்மிடம் எழுதி வாங்கிப் போனான்.